கார்டு பதில் சொல்லும் வரை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் நேரத்தில்தான் அந்தத் தப்பு அவள் கண்ணில் பட்டது. சோதனைக்காக ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு கெஸ்ட்களை ஓடவிட்டிருந்தாள். கெஸ்ட் என்றால் தனிப் பெட்டி கிடையாது. பெரிய கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் பாவனைக் கம்ப்யூட்டர். தனக்கென்று தனி வீடு இருப்பதாகவே அது கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கும். முதல் கெஸ்டுக்கு வெளியிலிருந்து வரும் தகவல் எல்லாம் ஏழு, இரண்டாவதன் நினைவகம் முழுக்க மூன்று என்று அடையாளத்துக்காக நிரப்பி வைத்திருந்தாள். இப்போது மூன்றுகளுக்கு நடுவே ஏழுகள் சில சட்டமாக உட்கார்ந்திருந்தன.

மறுபடி ஓட்டினாள், வரவில்லை. இன்னொரு முறை ஓட்டினாள், வந்தது. இப்படிக் கண்ணாமூச்சி ஆடும் தப்புகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. போதாததற்கு, அந்தப் பகுதியை எழுதியது அவள் புருஷன்.

அலுவலகத்தில் அவனுக்குப் புயல் என்று பெயர். எதையும் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அவன் எழுதியதை அவள் பார்த்துச் சரி சொன்னால்தான் வெளியே போகும் என்பது அங்கே ஏற்பாடு. வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அது சுத்தப் பொய் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவன் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கெஸ்டும் தன் நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தனக்கென ஓர் அட்டவணை வைத்திருக்கும். அந்த இடம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பெரிய கம்ப்யூட்டரான ஹோஸ்ட் இன்னோர் அட்டவணை வைத்திருக்கும். வெளியிலிருந்து தகவலை வாங்கிக் கொடுக்கும் நெட்வொர்க் கார்டு ஹோஸ்ட் சொல்வதைத்தான் கேட்கும்; அதிலும் அடிக்கடி தேவைப்படும் அட்டவணை வரிகளைத் தன்னிடமே ஞாபகம் வைத்துக்கொள்ளும். கெஸ்ட் ஒரு வரியை அழித்தால் ஹோஸ்டும் அழிக்க வேண்டும். கார்டிடம் "இதை மற" என்று சொல்ல வேண்டும். கார்டு "மறந்துவிட்டேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் அந்த இடத்தை வேறு யாருக்கும் தரலாம். இல்லையென்றால், குடி மாறிப் போனவரின் பார்சலைக் கூரியர்காரர் பழைய வீட்டிலேயே போட்டுவிட்டுப் போன கதைதான். அவன் கார்டை மறக்கச் சொல்லியிருந்தான். அதன் பதிலுக்குக் காத்திருக்கும் வரியை நிரலில் காணோம். அதில்தான் அவ்வளவு வேகம் கிடைத்திருக்கிறது.

இன்று சாயங்காலம் அது வாடிக்கையாளர் கைக்குப் போயாக வேண்டும். அந்த வேகத்துக்காக மேலாளர் நாலு பேர் முன்னால் அவனைப் பாராட்டியாகிவிட்டது. இந்த வேலை முடிந்தால் அணித்தலைவர் பொறுப்பு அவனுக்கு என்பதும் பாதி ஊர்ஜிதம். அவளுடைய ஒரு 'சரி' மட்டும்தான் பாக்கி.

அவன் இடத்துக்குப் போனபோது கண்ணாடி அறைக்குள் கதவைச் சாத்தாமல் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை வந்துருங்கப்பா. அந்தச் சின்ன ரூம்தான், ஒழிச்சுத் தர்றேன். அவகிட்ட எல்லாம் சொல்லியாச்சு."

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"எங்கிட்ட எப்ப சொன்ன?"

"நேத்து சொன்னேனே. நீ ரூம்ல இருந்தப்ப, கதவுகிட்ட நின்னு."

"நான் காதுல ஹெட்செட் மாட்டியிருந்தேன்."

"தலையாட்டின மாதிரி இருந்துச்சு."

மாமனார் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. மருமகள் என்று அதிகாரம் பண்ணாத மனிதர். தனியாக இருந்து சிரமப்படுகிறார் என்பதும் தெரியும். கேட்டிருந்தால் அவளே அழைத்துவரச் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் அந்த வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய இடம் அந்தச் சின்ன அறை ஒன்றுதான். அதை அவளைக் கேட்காமலேயே கொடுத்தாயிற்று. அதை இங்கே பேசக்கூடாது என்று மடிக்கணினியை அவன் முன்னால் வைத்தாள்.

"இதைப் பாரு."

ஏழுகளைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டியது. இருந்தாலும் விடவில்லை.

"எப்பவாவது ஒரு தடவை வர்றதுதானே. இன்னிக்கு அனுப்பிருவோம். அடுத்த வாரம் சத்தமில்லாம சரி பண்ணிடறேன்."

"ஒருத்தரோடது இன்னொருத்தர்கிட்ட போய் விழுது. நான் சரி சொல்ல மாட்டேன்."

"கார்டுகிட்ட சொல்லிட்டோம்ல. அது மறந்துடும். அதுக்காக எல்லாத்தையும் நிறுத்திட்டு நிக்கணுமா?"

"நிக்கணும். சொன்னதோட நம்ம வேலை முடியல. அது என்ன பண்ணிட்டிருக்குன்னு நமக்குத் தெரியாது. அது பதில் சொல்ற வரைக்கும் அந்த இடம் அதோடதுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், குரல்தான் கடைசியில் கொஞ்சம் கம்மிவிட்டது. அவன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

காத்திருக்கும் வரியை அவனே சேர்த்தான். இரண்டு பேரும் சேர்ந்தே சோதனையை ஓட்டினார்கள். வேகம் பாதியாகப் படுத்துவிட்டது. ஏழுகள் எத்தனை முறை ஓட்டியும் வரவில்லை. மேலாளரைக் கூப்பிட்டு, "இன்னிக்கு முடியாது, தப்பு என்னோடதுதான்" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவன் "ம்" மட்டும் கொட்டினான். காது சிவந்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காக ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை.

வைத்த ஃபோனையே எடுத்து அப்பாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான்.

"அப்பா, இன்னும் மூட்டை கட்டாதீங்க. நான் அவகிட்ட கேக்கவே இல்ல."

"தெரியும்டா," என்றார் மாமனார். "கேட்டியா கேட்டியான்னேன். சொல்லிட்டேன்னுதானே சொன்ன."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்பா நம்மகூட வந்து இருக்கட்டுமா? அந்த ரூம்ல?"

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். வெளியே யாரோ அவன் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மடிக்கணினியில் ஏதோ தகவல் வந்து மின்னி மறைந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோனில் மாமனார் ஒருமுறை செருமிவிட்டு, அவரும் அவள் பதிலுக்குக் காத்திருந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி அவன் உட்கார்ந்திருந்தான்.