குழாய்த் தண்ணீரில் ஒரு மேடு

திரையில் கோடு எழாமல் படுத்தே கிடந்தது. தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம். சகுந்தலாவுக்கு அதுதான் சங்கடம். ஜாதவ்பூர் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. ஊசியால் துளி ஏற்றினால் குரோமட்டோகிராஃப் கருவி அதை அழுத்தி ஒரு குழலுக்குள் அனுப்பும். கலந்திருப்பவை ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் வெளிவந்து திரையில் மேடாக எழும். போன வாரம் தன் வீட்டுத் தண்ணீரை ஏற்றியபோது, பூச்சிமருந்து ஒன்று வரவேண்டிய நேரத்தில் கச்சிதமாக ஒரு மேடு. இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. டாக்குரியாவில் அவளும் கணவனும் குடியிருந்த வீட்டுக்குக் கீழ்வீடு ரஞ்சனா பௌதி; வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி, இவள் தெருவுக்கே அண்ணி. அவள் மருமகள் சஹானாவுக்கு இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் ஒரு பிள்ளை வயிற்றில் தங்கியிருக்கிறது. குழாய்த் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள் என்று அன்று மாலையே சகுந்தலா போய்ச் சொல்லிவிட்டாள்.

இன்று தானே குழாயடியில் நின்று பிடித்து வந்த தண்ணீரில் அந்த மேடு இல்லை. போன வாரத்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் பழுப்பாக, மயிரிழை மாதிரி ஏதோ கிடந்தது. மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. துறைமுக அலுவலகத்தில் இருந்த கணவன் பட்டாபியை ஃபோனில் பிடித்து, அன்று பாட்டிலை எங்கிருந்து நிரப்பினான் என்று கேட்டாள்.

"குடிக்கற ஜலம் பிடிச்சு வைன்னுதானே சொன்னே? பானையிலேர்ந்து மொண்டு வெச்சேன்."

வெயில் தொடங்கியதும் மண்பானையில் வெட்டிவேர் போட்டது அவளேதான். கருவிக்கு நேரம் மட்டும்தான் தெரியும். வேரின் சாறும் விஷமும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் அது என்ன செய்யும், பாவம்.

பட்டாபி அதோடு விடவில்லை. பௌதி வீட்டில் இப்போது தெருமுக்கிலிருக்கும் அடிபம்புத் தண்ணீர்தான், தெருவில் பாதிப் பேர் உன் பேச்சைக் கேட்டு அங்கேதான் நிற்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னான். தெற்குப் பக்கத்து அடிபம்புகள் சிலவற்றில் ஆர்செனிக் இருப்பதைப் பக்கத்து அறையில்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கருவியின் கண்ணில் படாத விஷம் அது. ஆட்டோ பிடித்து ஓடினாள்.

பௌதியே பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். சஹானா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சகுந்தலா மூச்சு வாங்க, தெரிந்த வங்காளத்தில் பானையையும் வேரையும் சொல்லி, குழாயில் குற்றமில்லை, இந்தத் தண்ணீரில்தான் விஷம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்று கெஞ்சினாள். பௌதி கைப்பிடியை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"யார் உன்னை மிரட்டினது?"

"யாருமில்ல பௌதி. தப்பு என்னோடது."

"மேலிடத்துல மாத்திச் சொல்லச் சொல்லிட்டாங்க, இல்ல? நீ முதல்ல சொன்னதே எங்களுக்குப் போதும்."

சகுந்தலாவின் கன்னத்தை வாஞ்சையாகத் தடவிக்கொடுத்துவிட்டுப் பௌதி மறுபடி அடிக்கத் தொடங்கினாள். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நிரம்பிய தம்ளரைச் சஹானா உதட்டுக்குக் கொண்டுபோனாள். சகுந்தலா பாய்ந்து அதைப் பற்றினாள். சஹானா விடவில்லை. இருவர் கைக்கும் நடுவே தண்ணீர் தளும்பித் தளும்பி, மேடிட்ட வயிற்றின்மேல் புடவையில் ஊறிப் பரவியது.