பாதுகாவலர் அனுமதி தேவை

1

ஒரு நாகரிகத்தின் மேன்மை, அது தன் குழந்தைகளை எப்படிக் காக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

இப்படிக் கம்பீரமாகத் தொடங்கத்தான் ஆசை. ஆனால் கதை பிறந்த இடம் சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை. பக்கத்து மேசையில் சந்திரிகா என்ற பெண்மணி தன் தங்கையிடம் புருஷனைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மீன் கறி ஆறும்வரை ஒட்டுக்கேட்ட சரக்கு இது. (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. மீன் மாற்றப்படவில்லை.)

2

சுகுமாரன் ஒரு மாபெரும்...

வேண்டாம்.

சுகுமாரன் ஓர் எளிய...

அதுவும் பொய். சந்திரிகாவின் புருஷன், பாயான் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர், போதும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சமூக ஊடகத்திலிருந்து காக்கும் புதுச் சட்டத்தைப் பற்றி ஞாயிறு காலை பள்ளி மண்டபத்தில் பேசப்போகிறார். விளையாட்டும் நேரலையும் ஒன்றாக உள்ள ஒரு செயலியில், அவர் கணக்கில், பேச்சு உலகெங்கும் போகும். இணைப்பு எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போயாகிவிட்டது, கெப்பாலா பத்தாஸில் இருக்கும் மச்சான் வரைக்கும்.

புறப்படும் நேரத்தில் திறந்தால், பூட்டு!

"உங்கள் வயது பதினான்கு. பாதுகாவலர் அனுமதி தேவை."

"எனக்கா? டேய், எனக்கு நாப்பத்தெட்டுடா!" என்று கைப்பேசியை அதட்டினார்.

(கணக்குத் தொடங்கிய அன்று, பிறந்த ஆண்டைத் தேடி உருட்டப் பொறுமையில்லாமல், திரையில் நின்றதையே தட்டிவிட்டவர். வாசகர் இந்த இடத்தில் தம் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.)

3

அடையாள அட்டையைக் காட்டினால் தீர்ந்தது. காட்டினார். அட்டையில் சுருட்டை முடி, முறுக்கு மீசை. கேமராவில் மொட்டை! தலைவர் பதவி கிடைத்தால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டவர், போன வாரம் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலில் மீசையையும் சேர்த்தே இறக்கியிருந்தார்.

முகம் பொருந்தவில்லை.

சந்திரிகாவின் மைப்பென்சிலை எடுத்து மீசை வரைந்துகொண்டு மறுபடி நின்றார். பொருந்தவில்லை. (மிகை என்று இந்த மீசையை நீக்கிப் பார்த்தாயிற்று. கதை இளைத்துப்போனது.)

4

பாதுகாவலர் என்றால் வயது வந்தவர், அதே செயலியில் கணக்குள்ளவர். சந்திரிகாவுக்குக் கணக்கே கிடையாது. வீட்டில் அப்படி இருந்த ஒரே 'பெரியவர்' மகள் தனுஜா, நிஜ வயது பதின்மூன்று. விளையாட வேண்டும் என்று எட்டு வயதில் அவள் அழுதபோது, அம்மாவின் பிறந்த ஆண்டைப் போட்டுக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் சாட்சாத் சுகுமாரன். இன்றைய பேச்சின் உச்சமே, அந்தக் கணக்கைச் சபை நடுவே அழித்துக் காட்டுவதுதான்.

"தனும்மா, அப்பாவுக்கு ஒரு உதவி..."

"என்னப்பா மீசை இது? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு லா!"

"நேரமில்லம்மா. அனுமதின்னு ஒண்ணு வரும், தட்டு."

"தட்டுனா மேடையில என் அக்கவுண்டை அழிச்சிருவீங்க."

"அது சட்டம்மா."

"கணக்குப்படி எனக்கு நாப்பத்தஞ்சு. நீங்கதான் சின்னப்பிள்ளை. பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது?"

சமையலறையில் எதுவோ கை நழுவி விழுந்தது. சந்திரிகா சிரித்துக்கொண்டிருந்தார்.

தனுஜா எதையோ தட்டினாள், இன்னும் எதையோ தட்டினாள். பூட்டுத் திறந்தது. சுகுமாரன் பறந்தார்.

5

இனி முடிவு.

ஒன்று: சுகுமாரன் மேடையில் உண்மையை ஒப்புக்கொள்கிறார், மண்டபமே எழுந்து... (எழாது. பின்னால் விருந்துக்கு வறுத்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறுகிறது.)

இரண்டு: தந்தையின் பேச்சில் நெகிழ்ந்த தனுஜா, தன் கணக்கைத் தானே... (பதின்மூன்று வயது. வாய்ப்பே இல்லை.)

மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் அவர் அந்தக் கணக்கை அழித்தாரா, விட்டாரா, உங்கள் விருப்பம். சட்டம் வேண்டும் என்பதில் இந்தக் கதைக்குச் சந்தேகமில்லை. எந்த வயதுவரை என்பதில்தான்.

நேரலையில் பார்த்தவர்களுக்கும் தெரியாது. தனுஜா அனுமதித்தது ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அது தீர்ந்து நேரலை நின்றபோது சுகுமாரன் இன்னும் பிரமுகர்களை விளித்துக்கொண்டிருந்தார்.