விரல் தாண்டிய வரி

…இல்லை, விரல் அங்கே நிற்கவில்லை, சபூரா தன் கண்ணாலேயே பார்த்தாள், மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு இறங்கும்போது நடுவில் ஒன்றைத் தாண்டிப் போயிற்று, மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தைக் கைலியைத் தூக்கிக்கொண்டு தாண்டுவது போல, அவ்வளவு லேசாக, பழகிப்போன மாதிரி. கொழுந்தன் ஹபீப் முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். "இது ஜாலான் விளக்குச் செலவு மதினி, தெரு விளக்குக்கு, ஆறாயிரத்து நானூத்தி எம்பது வெள்ளி." எண் சரிதான், 6,480, இங்கிலீஷ் எண்கள் அவளுக்குத் தெரியும், நாட்காட்டியிலும் கதவு நம்பரிலும் பார்த்துப் பார்த்துப் பழகியது, ஆனால் எண்ணுக்கு முன்னால் கிடக்கும் எழுத்துகள்தான் எறும்பு ஊர்வது போலிருந்தன, அவை விளக்கு என்றால் விளக்கு, கிணறு என்றால் கிணறு, இவன் சொல்வதுதான். தாண்டிய வரியிலும் எண்கள் இருந்தன, வரிசையாக மூன்று, 36, 38, 40. முப்பத்தெட்டு அவள் வீடு. முப்பத்தெட்டு எத்தனையோ இருக்கலாம், முப்பத்தெட்டு வாளி, முப்பத்தெட்டு கூலியாள்… ஆனால் பக்கத்திலேயே முப்பத்தாறும் நாற்பதும் உட்கார்ந்திருக்குமா, அவள் சந்தில் இருப்பது போலவே?

துப்பட்டியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். முனிசிபல் ஆபீசின் கீழ்க்கூடத்தில் நீளமேசை, மேசைமேல் டைப் அடித்த தாள்களைக் கயிற்றில் கோத்த தடித்த புத்தகம், அடுத்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டுக்கான வரவு செலவுத் திட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் பக்கிரிசாமி என்கிற கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வந்தவுடன் அவர் விளக்கமாகத்தான் சொன்னார், "ஜூன் மாசமே ஒவ்வொரு டிப்பார்ட்மெண்டும் அவங்கவங்க பட்டியல குடுத்துருவாங்கம்மா, கமிட்டி உக்காந்து வெட்டும், இந்த வருஷம் ரப்பர் வெலை படுத்துருச்சா, ரொம்பவே வெட்டிட்டாங்க. இப்பப் பதினாலு நாளைக்கு இங்கே வெச்சிருக்கோம், வீட்டு வரி கட்டறவங்க யாரு வேணும்னாலும் பாக்கலாம், அப்புறம் கமிஷனர்மாரு கூடி கைதூக்கிட்டா முடிஞ்சது." யார் வேண்டுமானாலும். அவளும் அந்த யாரோதான், அவள் கணவர் ஷேக் அலாவுதீன் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் மௌத்தாகி நாலு வருஷம், அன்றிலிருந்து வீடு அவள் பெயரில், வரியும் அவள் பெயரில். ஆனாலும் பக்கத்து வீட்டுக் காமாரியா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "நம்ம சந்து முனிசிபல் புக்குல வந்திருக்காமே அக்கா, ஏதோ இடிக்கப் போறாங்களாம்" என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு எங்கே தெரிந்திருக்கும்? ஹபீப்பிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கை அவள் மறக்கவில்லை. "அதெல்லாம் பொம்பளைங்க போற எடமா மதினி, நான் போய் பாத்துட்டு வந்து சொல்றேனே." சரி, போய்ப் பார் என்றாள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, கடையில் வேலை என்றான், மழை என்றான், ஐந்தாம் நாள் நானும் வருகிறேன் என்று அவளே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்ற பிறகுதான் இரண்டு ரிக்‌ஷா வந்தது. ஏன் இத்தனை தயக்கம்? ஒன்றுமில்லாத இடத்துக்குப் போக யாராவது ஐந்து நாள் யோசிப்பார்களா?

"இது தண்ணி பைப்பு," என்றான். "இது ரோட்டுக்குக் கல்லு போடறது." விரல் இறங்குகிறது, மோதிரம் போட்ட விரல், அவள் கணவரின் மோதிரம்தான், தம்பி போட்டுக்கொள்ளட்டும் என்று அவளே கொடுத்தது… கொடுத்தாளா, இல்லை அவன் கேட்டதால் கொடுத்தாளா? கடையும் அப்படித்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் மதினி என்றான், பார்த்துக்கொள்கிறான், மாசம் பிறந்தால் செலவுக்கு வந்துவிடும், குறை சொல்ல முடியாது, குறை சொல்ல முடியாதபடி நடந்துகொள்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமோ என்னவோ. வீடு மட்டும்தான் அவன் கைக்கு வராமல் நிற்கிறது. பிள்ளை இல்லாதவள், அவளுக்குப் பிறகு யாருக்குப் போகும்? அதுவரை பொறுக்க முடியாமல் முனிசிபல்காரர்களோடு பேசி வைத்திருப்பானோ, குடியிருக்கிற பகுதியை இடித்துவிட்டால் முன்கடை மட்டும் மிஞ்சும், கடை அவனுடையது மாதிரி, வாங்க மதினி எங்கள் வீட்டிலேயே இருங்கள் என்பான், அவன் பெண்டாட்டிக்கு அடுப்பங்கரையில் ஓர் ஆள் கிடைக்கும்… சே, என்ன நினைப்பு இது. ஆனால் விரல் தாண்டியதே?

"தம்பி," என்றாள், "மேலே ஒண்ணை விட்டுட்டீங்க."

"எதை?"

அவள் துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி அந்த வரியில் வைத்தாள். தாள் ஈரமாக இருந்தது, கடல்காற்று. ஹபீப் குனிந்து பார்த்தான், உடனே நிமிர்ந்தான். "அது பெரிசா ஒண்ணுமில்லலா. மேலே சொன்னதோட சேந்ததுதான்." மேலே சொன்னது சாக்கடை. சாக்கடைக்கும் முப்பத்தெட்டுக்கும் என்ன? அவன் பக்கத்தைத் திருப்பப் போனான், அவள் கையை எடுக்கவில்லை. நாலு வருஷத்தில் அவன் சொல்லுக்கு எதிரில் அவள் கையை எடுக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. "கிராணியாரே, இதைக் கொஞ்சம் படிச்சிச் சொல்றீங்களா?"

பக்கிரிசாமி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதுவாம்மா? பின்சந்து போடறதுக்கு நெலம் வாங்கற செலவு. கதவு நம்பர் முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாப்பது. நாலாயிரத்து இருநூறு வெள்ளி." அவள் விளங்காமல் பார்க்கவே, கையால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார், "வீட்டுக்குப் பின்னால சந்து இல்லாததுனால கக்கூஸ் வாளியெல்லாம் வீட்டுக்குள்ளாறயே தூக்கிட்டுப் போறாங்கல்ல, அதுக்காகப் பின்னால பதினஞ்சு பதினாறடி வெட்டி வழி விடுவாங்க. உங்க வீட்டுல பின்னால என்ன இருக்கு?"

குசினி. சமைக்கிற குசினியும் கிணறும் அவள் தொழுகிற சின்ன அறையும்.

"போன மார்ச்சுலயே நோட்டீஸ் போச்சேம்மா எல்லா வீட்டுக்கும். மறுப்பு இருந்தா எழுதச் சொல்லி. பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டுப் பட்டியல்ல சேத்துருவாங்க."

மார்ச்சு… மார்ச்சில் ஒரு நீளக் கவர் வந்தது, காக்கி நிறம், பியூன் நீட்டிய புத்தகத்தில் அவளே தமிழில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள், பிரிக்காமல் சாயங்காலம்வரை வைத்திருந்து ஹபீப்பிடம் கொடுத்தாள், அவன் வாசலில் நின்றபடியே பிரித்து, மேலும் கீழும் பார்த்து, "பைப்பு தண்ணியை வீணாக்கக் கூடாதாம், எல்லாருக்கும் அனுப்பியிருக்கான்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சட்டைப்பையில். அப்படியானால் சந்தேகமே இல்லை, இவ்வளவு நாளும் தான் பாவம் செய்வதாக நினைத்து நினைத்து அடக்கிய சந்தேகம் சரியாகவே இருந்திருக்கிறது, தெரிந்தே மறைத்திருக்கிறான். அவளுக்கு ஆச்சரியமாக ஒரு தெம்பு வந்தது. இப்போது திரும்பி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிபட்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

திரும்பினாள். ஹபீப் அவளைப் பார்க்கவில்லை. கிராணியைப் பார்க்கவில்லை. கிராணி தன் பக்கம் திருப்பி வைத்திருந்த புத்தகத்தில், தலைகீழாகத் தெரியும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான், உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன, காதோரத்தில் வியர்வை இறங்கியது. திருடனுடைய முகமா இது? திருடன் கதவைப் பார்ப்பான், இல்லை ஆளைப் பார்ப்பான். இது… ஓதுகிற பள்ளியில் பாடம் வராத பிள்ளை லெப்பை கிட்டே வருவதற்குள் எழுத்தை முறைத்து முறைத்துப் பார்க்குமே, பார்த்தால் தானே வாய்க்கு வந்துவிடும் என்பது போல, அந்த முகம். அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டுவிடுமோ என்றும் பயமாக இருந்தது. என்ன நினைத்துச் செய்தாள் என்று தெரியாது, புத்தகத்தை இழுத்துச் சில பக்கங்களைத் தள்ளி, எண்கள் குறைவாகவும் எழுத்துகள் நிறையவுமாக இருந்த ஓர் இடத்தைத் தொட்டாள். "இது என்ன தம்பி?"

"இதா…" விரல் வந்தது, வரியின் மேல் நின்றது, இந்த முறை தாண்ட இடமில்லை. "இது பாசார் செலவு மதினி. பாசாரைக் கூட்டிக் கழுவறதுக்கு."

பக்கிரிசாமி தலையை நீட்டிப் பார்த்தார், சிரித்துவிட்டார், கெட்ட சிரிப்பில்லை. "இல்லண்ணே, அது செலவே இல்லை, வரவுப் பக்கம். நாய் வளக்கறதுக்கு லைசென்ஸ் வாங்கறாங்கல்ல, அந்தப் பணம்."

"கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்," என்றான் ஹபீப்.

எந்தக் கண்ணாடி? அவனிடம் கண்ணாடியே கிடையாது, அவன் பிறந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் அவளுக்குத் தெரியும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் என்று அவள் கணவர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், போனது எத்தனை நாள், யாராவது கேட்டார்களா? ரோடு, விளக்கு, தண்ணி, கடைப்பலகைகளிலும் தூண்களிலும் எழுதியிருக்கிற நாலைந்து வார்த்தைகள், அதற்குப் பக்கத்தில் எண், எண்ணை எவனும் படிப்பான், மிச்சமெல்லாம் அவனாக இட்டு நிரப்பியது… அவள் மறைக்கிறான் மறைக்கிறான் என்று நினைத்தாள், மறைக்கத்தான் செய்தான், ஆனால் மறைத்தது வேறு. மார்ச்சில் வாசலில் நின்றுகொண்டு மேலும் கீழும் பார்த்தானே, அப்போது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இரக்கப்படலாமா? இரக்கப்பட்டால் குசினி போய்விடும். கோபப்பட்டால் மட்டும் நின்றுவிடுமா?

"மறுப்பு எழுதலாமா இப்ப?" என்று கேட்டாள்.

"எழுதலாமே. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. நானே இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். கமிட்டி பாக்கும், அடுத்த வருஷத்துக்குத் தள்ளினாலும் தள்ளும், காசில்லாத வருஷம் பாருங்க." பக்கிரிசாமி தாளை எடுத்துப் பேனாவை மையில் தோய்த்தார். "ஆனா ஒரு காரணம் எழுதணும்மா. மார்ச்சுல ஏன் பதில் போடலைன்னு. நோட்டீஸ் கெடைச்சுச்சா, இல்லியா? கெடைக்கலேன்னா பியூன் வேலைக்கே ஆபத்தா வந்துரும், ஒங்க கையெழுத்து வேற அவன் புக்குல இருக்கும்."

பேனா காத்திருந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டது. ஹபீப் எழுந்து ஜன்னலோரம் போனான், போய் எங்கே நிற்பது என்று தெரியாதவன் போல் பாதியில் நின்றான். சொல்லிவிடலாம், உண்மைதானே, என் கொழுந்தனார் தப்பாகப் படித்தார் என்று ஒரு வரி. இந்தக் கிராணி நல்லவர்தான், ஆனால் சாயங்காலம் சூலியா தெருவில் டீ குடிப்பார், சிரித்துக்கொண்டே யாரிடமாவது சொல்வார், கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் ஹபீப்பிடம் ஒரு காகிதத்தை நீட்டிப் பார்ப்பான், அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட… போகட்டுமே, அவனால் தன் குசினி போக இருந்ததே? "கெடைச்சுச்சு," என்றாள் சபூரா. குரல் சத்தமாகவே வந்தது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. யாருகிட்டயும் காட்டாம பொட்டியில போட்டுட்டேன். அப்படியே எழுதுங்க."

எழுதினார். அவள் தமிழில் பெயரைப் போட்டாள். சபூரா, மூன்றே எழுத்து. ஹபீப் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பாடாங் திடலில் வெயில் ஏறியிருந்தது, கடலிலிருந்து உப்புக்காற்று துப்பட்டியை ஒருபக்கமாகத் தள்ளியது. அவன் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டான், இரண்டு. ஏறப் போனவன் நின்றான். "மதினி, அந்த நோட்டீஸு வந்து…"

"வெயிலா இருக்கு தம்பி. ஏறுங்க."

ஏறினான். அவன் ரிக்‌ஷா முன்னால், அவளுடையது பின்னால், கறுப்புத் தொப்பியும் சட்டைக் கழுத்துப்பட்டையும் மட்டும் குலுங்கிக் குலுங்கித் தெரிந்தன. மறுப்பு வெள்ளிக்கிழமைக்குள் போய்விட்டது, கமிட்டி பார்க்கும், தள்ளும், தள்ளாமலும் போகும், அது அவர்கள் பாடு. இனிமேல் வருகிற காகிதத்தை யாரிடம் கொடுப்பது? இதுவரை வந்த காகிதங்கள்? மருந்துக்கடைச் சீட்டு, கப்பல் கம்பெனிக் கடிதம், எதெது என்று நினைத்துக்கொண்டே வந்தவள் ரிக்‌ஷாவின் மூங்கில் பிடியை இறுக்கிப் பிடித்தாள். சிங்கப்பூர்க் கடிதம். அதுவும் இங்கிலீஷ்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, மேலே சிவப்பில் ஏதோ அச்சு, கீழே ஒரு துரையின் கையெழுத்து, மௌத்துச் சேதி முன்பே வந்து வீடு நிறைய ஜனம் உட்கார்ந்திருக்க ஹபீப்தான் நடுக்கூடத்தில் நின்று படித்தான், காய்ச்சல் என்றான், இத்தனாம் தேதி என்றான், தேதி எண்தானே, அது சரியாகத்தான் இருக்கும், பிறகு நிறுத்தினான், அழுகையால் நிறுத்தினான் என்று எல்லாரும் நினைத்தார்கள், பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "கடைசியிலே மதினி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ரெண்டு தடவை." இருந்த காலத்தில் ஏய் என்பதற்கு மேல் அவளை ஒன்றும் கூப்பிடாத மனிதர். அந்த இரண்டு தடவையை வைத்துக்கொண்டுதான் அவள் நாலு வருஷம்… கடிதம் பெட்டியில் இருக்கிறது, பட்டுத்துணியில் சுற்றி, நாளைக்கே எடுத்துக்கொண்டு போய் பக்கிரிசாமி முன்னால் வைக்கலாம், அவர் ஒரே மூச்சில் படித்துவிடுவார், அதற்கும் எந்தத் தடையும் இல்லை. ரிக்‌ஷா பீச் தெருவில் திரும்பியது. முன்னால் அந்தக் கறுப்புத் தொப்பி திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை கூப்பிட்டார் என்று சொல்லியிருந்தாலே அவளுக்குப் போதுமே, எழுத்தே தெரியாமல் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு இரண்டு தடவை என்று சொல்ல எப்படித் தோன்றியது, ஏன் தோன்றியது…