டான்பௌக் சட்டியில் பயேயா

என் வீட்டுக்காரர் முரளிதரனுக்கு ரங்கூன் போட்டாதாங் பேட்டையில் ‘சயா முரளி’ என்று பெயர். சயா என்றால் வாத்தியார். கூன் விழாமல் உட்காரத் தெரிந்தால் போதும், ரங்கூனில் யோகா வாத்தியாராகிவிடலாம். இவர் ஒருமுறை ஸ்பெயினுக்கும் போய்வந்தார், அதையும் விட்டுவைக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு: காலையில் யோகத்தின் அறம், மதியம் ஸ்பெயின் சாப்பாடு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆலிவ் எண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனைக்கே பசி வந்துவிடும். பயேயா என்று ஒரு சோறு. குங்குமப்பூவும் இறாலும் போட்டு, அகலச் சட்டியில் கிளறாமல் வேகவிடுவார்கள். அடியில் பிடிக்கும் காந்தலுக்கு நம் வீட்டில் திட்டுதான் விழும், அவர்களோ அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் நானும் சுரண்டித் தின்றேன், பொய் சொல்வானேன்.

சமைப்பது அவரா? அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. தாகேதாவிலிருந்து லத்தீபா வருவாள். நிக்காஹ், மவுலூது என்று எந்த விசேஷமானாலும் முஸ்லிம் வீடுகளுக்கு டான்பௌக், அதாவது நம் பிரியாணி, அவள் சட்டியில்தான் வேகும். அதில் ஹராம் எதுவும் படாது என்று ஊருக்கே நம்பிக்கை. அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த நம்பிக்கையால்தான். எங்களிடம் அகலச் சட்டி இல்லாததால் இங்கேயும் அந்தச் சட்டியையே கொண்டுவருவாள்.

இந்த மாதம் நடந்தது இரண்டாவது வகுப்பு. அகிம்சை, சத்தியம், கள்ளாமை, புலனடக்கம், பேராசையின்மை என்று ஐந்தையும் இங்கிலீஷும் பர்மாவும் கலந்து கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிச் சொன்னார். சத்தியம்தான் அஸ்திவாரமாம், அது ஆடினால் மற்ற நாலும் சரிந்துவிடுமாம். தூதரகத்து அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். குப்பைக்கூடையில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தது. சொரிசோ என்று இவர் பீற்றிக்கொள்ளும் சிவப்புச் சாசேஜ் வந்த உறை. மேலே கொழுகொழுவென்று ஒரு பன்றிப் படம். லத்தீபா அந்தச் சாசேஜை வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் வைத்திருந்தாள்.

“லத்தீபா, இது என்ன கறின்னு சொன்னாரு?”

“கோழின்னாரு. ஏன்க்கா?”

நேரே போய் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். “ஏங்க, அது பன்னியாச்சே.”

“மெதுவாப் பேசு. அது இல்லாம ருசி வராது. சொன்னா அவ சமைக்க மாட்டா. தெரியாம செஞ்சா பாவம் இல்லைன்னு அவங்க மதத்துலயே இருக்கு.”

நாக்கூசாமல் அவள் மதத்துக்கும் இவரே வாத்தியாராகிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தபோது எண்ணெய் காய்ந்து, லத்தீபா தட்டைக் கையில் எடுத்திருந்தாள். பிடுங்கினேன்.

“போடாதே. இது பன்னிக்கறி.”

அவள் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். என் பின்னாலேயே வந்து நின்ற அவரைப் பார்த்தாள்.

“சயா, போன மாசமும் இதைத்தானே குடுத்தீங்க? மறுநாள் எங்க அண்ணன் மக மெஹ்ரீன் நிக்காஹ்வுக்கு இதே சட்டியிலதான் ஆக்கினேன். அன்னைக்கும் பன்னிதானா?”

காலையெல்லாம் ஓயாமல் பேசியவர் கும்பிடு ஒன்று போட்டுவிட்டு மாணவர்களிடம் போய்விட்டார். த்தூ.

“அதேதான் லத்தீபா” என்றேன். “ஆனா யாருக்கும் தெரியாதே. சட்டியை நல்லாத் தேய்ச்சுக் கழுவிடலாம். விட்டுடு.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே அக்கா.”

க்யிம்யிண்டைங்கில் மெஹ்ரீனின் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். “சயாவையும் வரச் சொல்லுக்கா. அவர் வாயால சொன்னாத்தான் நான் ஏமாந்தேன்னு நம்புவாங்க. இல்லேன்னா தெரிஞ்சே போட்டேன்னு ஆயிடும்” என்றாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

போய்ச் சொன்னேன். வகுப்பு நடுவில் எப்படி வருவது என்றார். செருப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டேன். செருப்பைப் பார்த்தார். பிறகு பாயில் சம்மணம் போட்டு, எல்லாரையும் மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்.

லத்தீபாவோடு நான் போனேன். மாமியார் நூருன்னிசா முழுவதையும் கேட்டார், கத்தவில்லை. போனை எடுத்து, லத்தீபாவிடம் சொல்லியிருந்த மவுலூது டான்பௌக்கை எங்கள் முன்னாலேயே வேறொருத்திக்கு மாற்றினார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விடும். லத்தீபா சுவரோரமாகத் தலை குனிந்து நின்றாள்.

“இவ ஏமாந்தான்னு நீங்க சொல்றீங்க” என்றார் நூருன்னிசா. “ஏமாத்தினவர் வந்து சொல்லட்டுமே. எங்கே உங்க வீட்டுக்காரர்?”

“பாடம் எடுக்கிறாரு.”

“இதைவிடப் பெரிய பாடமா? என்ன பாடம்?”

லத்தீபா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

“உண்மை பேசுறதைப் பத்தி” என்றேன்.