செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள்

வெயில் காலத்தில் ஒரு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மாடியிலிருக்கும் தொட்டிச் செடிகளின் கதி என்ன என்று மனைவி கேட்டபோது, அவர் பெட்டியின் அறுந்த பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தையலைப் போட்டார். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனதிலிருந்து அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"தெனமும் யாராவது தண்ணி ஊத்தணும். இல்லன்னா திரும்பி வந்து விறகுதான் பொறுக்கணும்."

மெல்லிய பருத்தித் துணிகளாகப் பார்த்து எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "நம்ம பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அவகிட்டதான் சாவி இருக்கே."

ஊசி நின்றது. "என்ன சொன்னா?"

"கொஞ்ச நேரம் பேசவே இல்ல. உங்க பொண்ணாச்சே! அப்புறம் 'பாக்கறேன்'னா."

அவர் மறுபடி தைக்கத் தொடங்கினார்.

கடைத்தெரு மூலையில் பூட்டு ரிப்பேர் செய்பவர் அவர். அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வீடுகளுக்கும், புருஷன் பெண்டாட்டி பிரிந்த வீடுகளுக்கும் போய்ப் பூட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஏன் எதற்கென்று கேட்டதில்லை. மகள் போன அன்று சாயங்காலம் தன் வீட்டு வாசற்கதவிலும் அதே வேலையைத்தான் செய்தார். கூலி மட்டும் வாங்கவில்லை. பழசு இறுகிப்போய்விட்டது என்று மனைவியிடம் சொல்லிப் புதுச் சாவியைக் கொடுத்தார். மகளுக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னதையும் அவள் நம்பினாள். மகளிடம் இருப்பது இனி வெறும் இரும்பு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அவள் வருவாள். சாவியைப் போடுவாள். அது திரும்பாது. அப்பா தன்னை வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். புதுச் சாவியைக் கொடுத்தனுப்பினாலும் அதே கதைதான்.

மறுநாள் காலை மனைவி தொப்பி வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், மேசையின் அடி இழுப்பறையிலிருந்து பழைய பூட்டை எடுத்தார். எண்ணெய் விட்டார். புதுசைக் கழற்றிவிட்டு இதைக் கதவில் மாட்டினார். எந்தப் பூட்டையும் மாட்டியவுடன் தன் வளைந்த கம்பியை விட்டுச் சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். கம்பிக்குப் பூட்டின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. திருகாணிகளை முடுக்கினார். நிம்மதி என்று எதுவும் வரவில்லை. கை வேலை செய்தது. மனசு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

அவள் திரும்பி வந்த கையோடு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று மச்சான் வேனோடு வந்து ஹாரன் அடித்தான். மனைவியின் தம்பி.

"என்னக்கா, மலைக்குப் போறோமா, வீட்டயே காலி பண்றோமா? இத்தன மூட்டை!"

"மூணு பாட்டில் தண்ணியும் ஒரு குடையும் உனக்கு மூட்டையாடா?"

"சீக்கிரம் வாங்க மாமா. இப்பவே சீட்டுல உட்கார்ந்தா பின்னாடி வெந்துடும் போலருக்கு."

ஃபிரிட்ஜை அணைத்து, அதன் கதவைத் திறந்து வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர் தன் சாவியைப் பூட்டில் விட்டார். பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. கம்பி போட்டே பழகிய கைக்கு, பூட்டுக்குச் சாவி என்று ஒன்று வேண்டும் என்பதே நினைவில்லை. பழைய சாவிகளைப் பூட்டை மாற்றிய அன்றே பழைய இரும்போடு போட்டுவிட்டார்.

மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். "ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவரு சொந்த வீட்டப் பூட்ட முடியாம நிக்கிறாரே!"

மனைவி சிரிக்கவில்லை. பூட்டின் முகத்தில் இருந்த பழைய கீறலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இறுகிப்போச்சுன்னீங்க."

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். வளைந்த கம்பி விரலில் பட்டது. பூட்டவும் அது போதும். அதை எடுக்காமலே கையை வெளியே எடுத்தார்.

"அவளக் கூப்பிடு," என்றார். "அவகிட்டதான் சாவி இருக்கு."

மகள் ஈரத் தலையோடு வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள்; அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் படியேறியவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவின் முன் நின்றாள். போடவில்லை.

"இது சேராதுப்பா."

வெகுநாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியது அதுதான்.

"அம்மாவுக்குக் காய்ச்சல்னதும் வந்தேன். பெல் அடிச்சேன், சத்தமே இல்ல. சாவியப் போட்டேன், சேரல. திரும்பிட்டேன்."

"மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருப்பேன்," என்றாள் மனைவி. "காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட நீ வரவே இல்லையேன்னு நான்..." மச்சான் போய் வேனின் மறுபக்கத்தில் நின்றுகொண்டான்.

எதிர்வீட்டுத் தகரக் கூரை வெயிலில் படபடவென்று தெறித்தது.

"இப்பப் போட்டுப் பாரு," என்றார்.

சாவி திரும்பியது. நாக்கு விழுந்த சத்தம் கேட்டது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம். தனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தார். கழுத்தில் வியர்வை இறங்கியது, அவ்வளவுதான்.

"சாயங்காலம் ஊத்து. வெயில்ல ஊத்துனா வேர் வெந்துடும்."

"தெரியும்."

"நாங்க வந்தா நீதான் வந்து திறந்துவிடணும். எங்ககிட்ட வேற சாவி இல்ல."

நின்ற இடத்திலேயே பத்து நிமிஷத்தில் ஒரு சாவி வெட்டக்கூடியவர் அவர் என்பது மகளுக்குத் தெரியும். அவரை ஒரு முறை பார்த்தாள். "சரிப்பா," என்றாள்.

வேன் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் வாசல் சின்னதாகிக்கொண்டே போனது. மகள் இன்னும் அங்கேயே நின்று, சாவியைப் போட்டுத் திறந்தாள். பூட்டினாள். மறுபடி திறந்தாள்.

"ஜன்னல் கண்ணாடிய ஏத்துங்க மாமா, அனல் அடிக்குது," என்றான் மச்சான்.

அவர் ஏற்றவில்லை.