பதினோராவது கோரிக்கை

அந்த மேசைகளை மாற்றச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் நடுவில் எழுந்து என்னைத் திட்ட வேண்டியிருக்காது.

1988-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் எனக்கு ஒன்பது வருட சர்வீஸ். என் பெயர் கன்னியம்மா. வைண்டிங் பகுதியில் நாங்கள் முப்பத்திரண்டு பெண்கள். தலைமுடி கனத்தில் இருக்கும் செம்புக் கம்பியைப் பாபினில் சுற்றி, முனைகளைப் பற்றவைத்து, டேப் ஒட்டினால் ஒரு காயில். ஒரு ஷிப்டுக்கு இருநூற்று இருபது கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் நார்ம்ஸ். குறைந்தால் நிரந்தரத் தொழிலாளிக்கு மெமோ, டெம்பரவரிக்கு வாசல்.

எல்லா நாளும் உடம்பு ஒரே மாதிரி இருக்குமா? மாதத்தில் மூன்று நாள் பெண்பிள்ளைக்கு இடுப்பு கழன்று விழும். லீவு கேட்டால், "போன மாசமும் இதையேதானே சொன்னே?" என்று சூபர்வைசர் வெட்கமில்லாமல் கேட்பான். அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். கை நன்றாக ஓடுகிற நாளில் இருநூற்று முப்பது, முப்பத்தைந்துகூடச் சுற்றுவோம். இருநூற்று இருபதை டிரேயில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பேப்பரில் மடித்து பிஸ்கட் டின்னில் போட்டு, மேசைப் பலகைக்கு அடியில் அடித்திருந்த தட்டில் தள்ளிவிடுவோம். அதற்கு உண்டி என்று பெயர். யாருக்கு முடியவில்லையோ அவள் உண்டியிலிருந்து எடுத்து டிரேயை நிரப்பிக்கொள்வாள். கணக்கு எழுதுவது கிடையாது, திருப்பிக் கொடு என்று கேட்பதும் கிடையாது. கம்பெனி கொடுக்காத லீவை நாங்களே எங்களுக்குக் கொடுத்துக்கொண்டோம். எங்கள் சங்கத்துச் செயலாளர் எத்திராஜ் அண்ணனுக்குக்கூட இது தெரியாது. அவர் அச்சும் கருவியும் செய்கிற டூல்ரூமில் இருந்தவர், ஆம்பளை, அவருக்கு எதற்கு?

அந்த வருஷம் உண்டி என்றைக்கும் இல்லாத அளவுக்கு நிறைந்திருந்தது. காரணம் நாகவல்லி.

நாகவல்லி முத்தாபுதுப்பேட்டைப் பெண். இருபத்திரண்டு வயது, டெம்பரவரி. புருஷன் பட்டாபிராம் ரயில் சைடிங்கில் மூட்டை இறக்குகிறவன். வேகன் வந்தால் கூலி, வராவிட்டால் சீட்டாட்டம். அவளுக்கு ஐந்தாவது மாசம். கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். நிரந்தரமாகிவிட்டால் அனுப்ப முடியாது, பிள்ளை பெற்றுவிட்டு வந்தாலும் வேலை இருக்கும். நடந்துகொண்டிருந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் டெம்பரவரிகளை நிரந்தரமாக்குவதும் ஒரு கோரிக்கை. அதுவரை அவள் வயிறும் வெளியே தெரியக் கூடாது, நார்ம்ஸும் குறையக் கூடாது. அவள் விரல்களோ வீங்கி, கம்பி நிற்காமல் அறுந்துகொண்டே இருந்தது. இருநூறு தாண்டினால் பெரிய விஷயம். நாங்கள் முப்பத்தொரு பேரும் வரிந்துகட்டிக்கொண்டு, அன்றன்றைக்கும் இனி வயிறு கனக்கும் மாசங்களுக்கும் சேர்த்து அவளுக்காகச் சுற்றினோம். டின்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாயிற்று.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை போடும் ஒப்பந்தம். பேச்சுவார்த்தைக் குழுவில் முதல்முறையாக ஒரு பெண் உட்கார்ந்தாள் என்றால் அது நான்தான். பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கான்பரன்ஸ் ரூமில் பேன் காற்றில், கண்ணாடிக் கிளாஸில் டீ. எதிரே பர்சனல் மேனேஜர் பரந்தாமன். நார்ம்ஸை ஏற்ற வேண்டும் என்று அவர், இருநூற்று இருபதுக்கு மேல் முடியவே முடியாது என்று நாங்கள். அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பத்தொன்பது கோரிக்கைகளில் பதினோராவது என்னுடையது: முதுகு சாய்க்க நாற்காலி. ஒன்பது வருடமாக முக்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து எங்களில் பாதிப் பேருக்கு முதுகு போயிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, அதைப் பேசினோம். நான் ஒரு மூச்சு பேசித் தீர்த்தேன். பரந்தாமன் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு ஏம்மா இவ்வளவு பேச்சு? நியாயமான கோரிக்கை. நாற்காலி கொடுத்துடலாம்" என்றார்.

நான் விட்டேனா? "நாற்காலி மட்டும் போட்டா உயரம் ஒத்து வராது சார். மேசையையும் மாத்தணும்" என்றேன்.

"மாத்திட்டா போச்சு" என்றார்.

என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க. அந்த மேசைக்கு அடியில் ஒன்பது வருடமாக என் கையே போய் வந்திருக்கிறது. ஆனால் பேன் காற்றில் உட்கார்ந்ததும் எனக்கு முதுகுதான் ஞாபகம் இருந்தது, உண்டி ஞாபகம் வரவில்லை. மாற்றுவதென்றால் டெண்டர், கொட்டேஷன் என்று ரெண்டு மாசம் ஆகும் என்று நினைத்துக்கொண்டேனா, அதுகூட நினைக்கவில்லையா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு பிள்ளைகளுக்குப் பக்கோடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தால், வைண்டிங் பகுதியே வேறு மாதிரி இருந்தது. பச்சை மைக்கா ஒட்டிய புது மேசைகள், முதுகு வைத்த நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமையே ஆள் வைத்துப் போட்டிருக்கிறார்கள். நான் ஒரு கணம் சிரிக்கக்கூடச் செய்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒருத்தியும் உட்காரவில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜமீலா என் பக்கத்தில் வந்தாள். ஒன்பது வருடமாக என் அடுத்த மிஷினில் வேலை செய்கிறவள்.

"அக்கா," என்றாள். "உண்டி எங்கக்கா?"

குனிந்து புது மேசைக்கு அடியில் பார்த்தேன். எதைத் தேடினேனோ தெரியாது. வழவழவென்று இரும்புச் சட்டம், அவ்வளவுதான். நாகவல்லி மூலையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். கான்பரன்ஸ் மேசை நடுவில் நாலு பிஸ்கட் டின்களும் வரிசையாக இருந்தன. எத்திராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ஆயிரத்து நூத்தி நாற்பது காயில்" என்றார் பரந்தாமன். குரல் உயரவே இல்லை. "நாலு மாசமா இருநூத்தி இருபதுக்கு மேல முடியவே முடியாதுன்னு இந்த ரூம்ல சத்தியம் பண்ணீங்க. இது யார் பண்ணினது?"

"ரிஜெக்ட் சார்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"எல்லாத்தையும் மீட்டர்ல போட்டுப் பார்த்தாச்சும்மா. ஒண்ணுகூட ரிஜெக்ட் இல்லை. அருமையான வேலை."

"நான்தான் சார் ஒளிச்சு வெச்சேன். வேற யாருக்கும் தெரியாது."

அவர் சிரித்தார். "முப்பத்திரண்டு மேசையில நாலு மேசைக்கு அடியில தட்டு. நீங்க ஒரே ஆள் நாலு மேசையில உட்காருவீங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. எப்படிச் சொல்வது? ஏன் இவ்வளவு சேர்த்தோம் என்று சொன்னால் நாகவல்லி வயிற்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அன்றைக்கே வெளியே. சொல்லாவிட்டால் நாங்கள் முப்பத்திரண்டு பேரும் திருடிகள்.

பரந்தாமன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கம்பெனி சொத்தை மறைத்ததாக வைண்டிங் பகுதி முழுக்க சஸ்பென்ஷன், விசாரணை. இல்லையென்றால் நார்ம்ஸ் இருநூற்று அறுபது என்று ஒப்புக்கொண்டு இன்றே கையெழுத்து. கேட்ட சம்பள உயர்வு, வருஷத்துக்கு மூன்று நாள் கூடுதல் லீவு, எல்லாம் கிடைக்கும். டெம்பரவரிகள் புது நார்ம்ஸைப் பதினைந்து நாள் விடாமல் கொடுத்தால் நிரந்தரம்.

யோசிக்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். வராண்டாவில் எத்திராஜ் அண்ணன் என்னைக் கிழித்து எடுத்தார்.

"இன்னாம்மா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா? நான் அங்க மாரைத் தட்டி சவுண்டு உட்டுகினு கீறேன், நீங்க இங்க டின்னு டின்னா சேத்துகினு கீறீங்க!"

"ஒரு பொண்ணுக்காக அண்ணாத்தே. அதுக்கு மேல கேக்காதீங்க."

"ஒரு பொண்ணுக்காகக் கம்பெனில கீற நூத்தி நாப்பது பேரு ஒப்பந்தத்த உட முடியுமா? நீயே சொல்லு."

அவர் சொன்னது தப்பும் இல்லை. உள்ளே போனோம். கடைசியில் ஏதாவது ஒன்றையாவது பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. "இனிமே யாரையும் தனியா ரூமுக்குக் கூப்பிட்டு மிரட்டி, வேலையை விட்டு நிறுத்துற கடுதாசி கொடுக்கக் கூடாது சார். சங்கத்து ஆள் ஒருத்தர் கூட இருக்கணும். வைண்டிங்குக்கு நான் இருப்பேன்" என்றேன். பரந்தாமன் உடனே ஒத்துக்கொண்டு பேனாவாலேயே எழுதி, அடியில் தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தார். கையெழுத்துப் போட்டோம். கேட்டில் பட்டாசு வெடித்தார்கள். டூல்ரூம்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். அதைக் கழுத்திலிருந்து கழற்ற எவ்வளவு நேரம் கழித்துத் தோன்றியது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இருநூற்று அறுபது என்றால் என்ன என்று மறுநாள்தான் கைகளுக்குத் தெரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று காயில் போச்சு. ஜமீலா மாதிரி கைகாரிக்கே சங்கு ஊதும்போதுதான் இருநூற்று அறுபது முடிந்தது. அதிகப்படி ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் கொடுக்க வழியில்லை. சூபர்வைசர் இப்போது மணிக்கு ஒருதரம் டிரேயை எண்ணி எடுத்துக்கொண்டு போனான்.

நாகவல்லி முதல் நாள் இருநூற்றுப் பதினாலு. இரண்டாம் நாள் இருநூற்றெட்டு. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் நான் என் டிரேயிலிருந்து பத்தை அவள் டிரேயில் போட்டேன். எனக்குப் பத்துக் குறைந்து மெமோ வந்தது, அவளுக்கு அப்போதும் நாற்பத்தைந்து குறைந்தது. எல்லோரும் தலை குனிந்து சுற்றிக்கொண்டிருந்தோம். என்னை ஒருத்தியாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு பியூன் வந்து என்னைக் கூப்பிட்டான். பரந்தாமன் ரூமில் ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. எதிரில் இரண்டு நாற்காலி.

"உங்க ஷரத்துப்படிதாம்மா கூப்பிட்டேன். நீங்க இல்லாம கொடுக்கக் கூடாதே" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஒப்பந்தத்தை மதிக்கிற மாதிரிதான் சொன்னார்.

நாலு நாளாக நாகவல்லியை எப்படிக் காப்பாற்றுவது என்று மண்டையைக் குடைந்தவள், அவளுக்குச் சீட்டுக் கிழிக்கும் இடத்தில் நான்தான் சாட்சியாக உட்காருவேன் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

நாகவல்லி உள்ளே வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடியிருந்தாள். கதவருகே பயந்து நின்றவளுக்கு, என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. அவள் எனக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இங்கதான் கீறியாக்கா? நான் கெதக்குனு ஆயிட்டேன்" என்றாள் மெல்லமாக. "நீ சொல்லுக்கா. நீ பேசுனா சாரு கேப்பாரு."

பத்தொன்பது கோரிக்கை பேசின வாய். திறந்தேன், காற்றுதான் வந்தது. பரந்தாமன் கடிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். "முதல்ல பிரதிநிதி, அப்புறம் தொழிலாளி" என்று இரண்டு இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். போடாவிட்டாலும் கடிதம் செல்லும், மறுத்ததாக எழுதிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரியையும் நான் படித்துத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பேசப்போகிறேன் என்று.

நான் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை அவளிடம் கொடுத்தேன்.