வேலாத்தாள் வாங்கிய ஜப்பான் டிராக்டர்

வேலாத்தாளின் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டை உழுவது அவள் கணவனின் அண்ணன் மகுடேஸ்வரனுடைய டிராக்டர்தான். வாடகையைச் சுளையாக வாங்கிக்கொள்வார். ஆனால் குன்னத்தூர்ப் பக்கம் மழை பெய்தால், ஊரார் காட்டையெல்லாம் உழுது முடித்து, ஈரம் காய்ந்த பிறகுதான் இவள் காட்டுக்கு வருவார். வருஷா வருஷம் இதே கதை; கடைசி இரண்டு வருடமாக நிலக்கடலை பாதிகூட முளைக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், பழைய ஜப்பான் சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

மகுடேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு போல்ட் போனாலும் கப்பலில்தான் வரவேண்டும் என்றார். அதை வாங்கினால் இனித் தன் டிராக்டர் அவள் காட்டுப் பக்கமே திரும்பாது என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார். அனுப்பர்பாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் பதினான்கு வருடமாக உதிரிபாக ஸ்டோர்ஸ் பார்க்கிறவள் அவள். அங்கே ஓடுகிற மெஷின் அத்தனையும் வெளிநாட்டில் ஓடி ஓய்ந்து வந்தவை. விலை பேசுமுன் உள்ளே இருக்கிற பேரிங் நம்பரைப் பார்ப்பது அங்கே பழக்கம். மெஷின் எந்த நாட்டில் பிறந்தால் என்ன, பேரிங் நம்பர் உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான்; நம்பர் தெரிந்தால் உள்ளூர்க் கடையிலேயே வாங்கலாம்.

வண்டி விற்கிற திருமூர்த்தி இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். சத்தத்தைக் கேட்டு மயங்க அவள் என்ன சின்னப் பிள்ளையா? அணைக்கச் சொன்னாள்.

“பார்ட்ஸ் எல்லாம் தாராளமாக் கெடைக்குமுங்க” என்றார்.

“எந்தக் கடையிலீங்க?”

அவள் முன்சக்கரத்தையும் கியர் மூடியையும் கழற்றவைத்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் நம்பர்களை எழுதிக்கொண்டாள். அரை நாள் போயிற்றே என்று திருமூர்த்தி முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுதிய சீட்டு நேராக, கம்பெனி இருக்கிற டவுனிலேயே ராயபுரத்தில் பக்கீர் முகமதுவின் பேரிங் கடைக்குப் போனது. பதினொரு பேரிங்கில் ஒன்பதை பாய் அப்போதே எடுத்துக் காட்டினார்; மீதி இரண்டை மறுநாளே வரவழைக்கலாம் என்றார். கிளட்ச் பிளேட்டுக்கு உள்ளூரிலேயே லைனிங் ஒட்டலாம். கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பம்பு மட்டும் இறக்குமதி. முப்பத்திரண்டாயிரம் ரூபாய், நாற்பது நாள்.

“பம்பு காசைக் கழிச்சுப்போட்டு வெலை சொல்லுங்க” என்றாள் திருமூர்த்தியிடம். ஒன்றரை வருடமாக விலைபோகாமல் நின்ற வண்டி. புலம்பிக்கொண்டே சம்மதித்தார். கழிந்த காசில் பம்புக்கு அன்றைக்கே ஆர்டர் போட்டாள். கிடைக்காத சாமானை முன்னாலேயே வாங்கி வை, கடையில் கிடைப்பதை வாங்கி அடைக்காதே என்பது ஸ்டோர்ஸ்காரியின் கணக்கு.

ஆடியில் மழை கொட்டியது. வேலாத்தாளே வண்டியை ஓட்டினாள். நாலாவது உழவு சாலில் முன்சக்கரம் கரகரவென்று இரைந்து நின்றேவிட்டது. நாளைக்குள் உழாவிட்டால் ஈரம் போய்விடும். இரவல் கேட்கவும் வழியில்லை.

பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த மகுடேஸ்வரன் இறங்கி வந்தார். “ஏம்மா, ஜப்பானுக்கு ஃபோன் போட்டாச்சா?”

வேலாத்தாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ராயபுரத்துக்குப் போட்டாள். “பாய், 6205 ரெண்டு வேணுங்க. குன்னத்தூர் பஸ்ஸுல குடுத்துடுங்க.”

மத்தியானம் கண்டக்டர் கையில் பொட்டலம் வந்தது. இரண்டும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. பதினான்கு வருடம் ஃபிட்டர்களைப் பார்த்த கை. தானே தட்டிப் பொருத்தினாள். பொழுது சாயுமுன் மூன்று ஏக்கரும் உழுதாயிற்று.

விடிந்ததும் விதைத்து முடித்துவிட்டு, கால் புதையும் மண்ணில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். ஏன் நிமிர்த்தக் கூடாது? கல்யாணமாகி வந்த இருபது வருடத்தில் முதல் தடவையாக, ஈரம் இருக்கும்போதே அவள் காட்டில் விதை விழுந்திருந்தது.